கையில் வலு இருக்கிறது, நிதானம் எங்கே போனது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பீடி சுத்தும் அம்மா. எட்டு மாதமாக வலது தோள்பட்டையிலும் முழங்கைக்குக் கீழேயும் வலி. நரம்புப் பரிசோதனை செய்து பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்று அறிக்கை. ஆனால் ஒரு பீடி தளர்ந்தும் அடுத்தது இறுகியும் வருகிறது, கம்பெனியில் கழிக்கிறார்கள். "கை சொன்னபடி கேட்கல" என்கிறார். மாத்திரை போட்டால் வலி அடங்குகிறது, கை அடங்கவில்லை. இது நரம்புத் தளர்ச்சியா? வேலையை விட்டுவிட வேண்டுமா?

முதலில் "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு சுவரில் விளம்பரமாக எழுதப்படுவதைத் தாண்டி அதற்கு மருத்துவத்தில் தெளிவான பொருள் இல்லை. அம்மாவுக்கு நடப்பதற்கு வேறு, தெளிவான விளக்கம் இருக்கிறது. வலு என்பது ஒன்று, நிதானம் என்பது வேறொன்று. எவ்வளவு அழுத்த முடியும் என்பது வலு. அழுத்தியதை அதே அளவில், அதே திசையில் ஏற்றத்தாழ்வில்லாமல் பிடித்து வைப்பது நிதானம். பீடி சுத்துவதற்கு வலு மிகக் கொஞ்சம் போதும். இலையின் ஓரத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டும்போது, அந்த விரல்களால் முடிந்த உச்ச அழுத்தத்தில் சிறு பங்குதான் செலவாகிறது. ஆனால் அந்தச் சிறு பங்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, ஆயிரம் தடவை ஒரே மாதிரி வந்தாக வேண்டும். ஆகவே நிதானம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது பீடிதான். வலு குறைந்தால் தண்ணீர்க் குடம் காட்டிக்கொடுக்கும். அம்மா குடத்தைத் தூக்குகிறார், பீடி மட்டும் தளர்கிறது என்றால் சிக்கல் எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிகிறது.

தசை எப்படி அளவாக இழுக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்லும் பயிற்சி புரியாது. முதுகுத்தண்டில் இருக்கும் ஒரு நரம்பணு, அது இழுக்கச் சொல்லும் தசை நார்க் கூட்டம், இரண்டும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கையின் பின்புறத்தில் புடைக்கிற சிறு தசையில் சுமார் 120 அலகுகள் இருக்கின்றன. மூளையிடம் இருப்பவை இரண்டே திருகுகள்: எத்தனை அலகுகளைக் கூப்பிடுவது, கூப்பிட்டவற்றை நொடிக்கு எத்தனை முறை துடிக்கச் சொல்வது. சிறிய அலகுகள் முதலில் வரும், பெரியவை கடைசியில் வரும். இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. மெல்லிய வேலை முழுவதும் சிறிய அலகுகளின் தலையில்தான் விழும்.

கெங்கையம்மன் தேர் வடம் இழுக்கும்போது நூறு பேரில் ஒருவர் கொஞ்சம் தளர்ந்தால் இன்னொருவர் இழுப்பில் அது மறைந்துவிடும். ஆனால் முன்னால் நிற்பவர் கொடுக்கும் ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுத்துச் சேர்ந்து விட்டால் தேர் குலுங்கித்தான் நகரும். தசையிலும் அதே கதை. தனித்தனி அலகுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எல்லா அலகுகளுக்கும் பொதுவாக வந்து சேரும் சமிக்ஞையின் மெதுவான ஏற்ற இறக்கம்தான் விரல் நுனியில் தடுமாற்றமாகத் தெரிகிறது.

இப்போது வலி உள்ளே வருகிறது. தசையின் வலியைக் கொண்டுபோவது மெல்லிய நரம்பு நார்கள். அவற்றில் மிக மெல்லியவை நொடிக்கு 2.5 மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் செய்தி கடத்தும். தசையின் நீளம் எவ்வளவு என்று சொல்லும் பெரிய நார்கள் அதைவிடப் பல மடங்கு வேகம். மெல்லிய நார்கள் மெதுவானவை என்றாலும் செல்வாக்கில் குறைந்தவை அல்ல. முதுகுத்தண்டில் இயக்க நரம்பணுக்களின் சுபாவத்தையே மாற்றுகின்றன, மூளையின் இயக்கப் பகுதி வரைக்கும் போய்த் தட்டுகின்றன. அம்மாவின் நரம்புப் பரிசோதனை சரியாக வந்த காரணமும் இங்கேதான். அந்தப் பரிசோதனை பெரிய நார்களில் மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிறது. கம்பி அறுந்திருக்கிறதா என்று அது சொல்லும். கம்பி வழியாகப் போகும் கட்டளை எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லாது.

கட்டளை மாறுவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நல்ல உடம்போடு இருப்பவரின் தசையில் 5 முதல் 6 சதவீத உப்புக் கரைசலை அரை மில்லி, ஒரு மில்லி என்று ஊசியில் செலுத்துவார்கள். உடம்பின் சொந்த உப்பு அளவு 0.9 சதவீதம், ஆகவே இது நன்றாக வலிக்கும், சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். 1938-லேயே கெல்கிரன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த முறையைக் கையாண்டிருக்கிறார். பிற்பாடு டென்மார்க்கின் ஆல்போர்கிலும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் இதை வைத்து நிறைய வேலை நடந்தது. கிடைத்த படம் இது. வலிக்கும்போது உச்ச வலு குறைகிறது. ஆனால் தசையை வெளியிலிருந்து மின்சாரத்தால் தூண்டினால் அது பழைய மாதிரியே இழுக்கிறது, எனவே தசை கெடவில்லை, உத்தரவுதான் குறைந்திருக்கிறது. மெல்லிய விசையை அதே அளவில் பிடிக்கச் சொன்னால் சராசரி அளவு சரியாகவே வருகிறது, ஆனால் அலகுகள் துடிக்கும் வேகம் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் மீதி விசை எங்கிருந்து? சில அலகுகள் வேலையை விட்டுப் போயிருக்கும், அதுவரை சும்மா இருந்த வேறு சில உள்ளே வந்திருக்கும். கூட்டத் தொகை அதே, ஆட்கள் வேறு.

ஆள் மாறினால் இழுக்கும் திசையும் மாறும். நேர்கீழாக அழுத்தச் சொன்ன விரல் பக்கவாட்டிலும் சற்றுத் தள்ளுகிறது, விசையின் ஏற்ற இறக்கமும் கூடுகிறது. பீடி இலையை உருட்டும் விரலில் பக்கவாட்டுத் தள்ளல் வந்தால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பழைய கருத்து ஒன்று உண்டு: வலித்தால் தசை இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும், அது ஒரு சுழல் என்று. ஓரிடத்தில் உண்மையாகத் தெரியும், எல்லா இடத்திலும் பொருந்தாது. 1991-ல் ஜேம்ஸ் லண்ட் குழுவினர் அதற்கு நேர்மாறாக, வலிக்கும் தசை அடங்கும், எதிர்த் தசை கூடும், அதனால் அசைவு சிறுத்து மெதுவாகும் என்றார்கள். 2011-ல் ஹாட்ஜஸ், டக்கர் இருவரும் இரண்டையும் தாண்டி, உடம்பு அந்த வலிக்கும் பகுதியைக் காப்பாற்ற வேலையைத் தசைகளுக்குள்ளும் தசைகளுக்கு இடையிலும் மறுபங்கீடு செய்கிறது, அந்தப் பங்கீடு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றார்கள். நடைமுறையில் இந்தக் கடைசிக் கருத்துதான் அதிகம் உதவுகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துவந்த பயிற்சி அம்மாவுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது.

தோள் வலிக்கு விரல் ஏன் தடுமாறுகிறது என்பது அடுத்தது. தோள்பட்டை அஸ்திவாரம், விரல் அதன் மேல் கட்டிய மாடி. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதியில் வலி வந்தால் அந்தப் பகுதி அடங்கி, கீழ்ப்பகுதி கூடுதலாக வேலை செய்கிறது. வேலை செய்யும்போது நல்ல தசை தனக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளும், ஒரு பகுதி களைத்தால் அடுத்த பகுதி சுமக்கும். நாள்பட்ட வலியில் இந்த இடமாற்றம் குறைந்துபோகிறது. புது வலியில் அசைவு தடவைக்குத் தடவை மாறுபடுகிறது, உடம்பு வலிக்காத வழியைத் தேடுகிறது. பல மாதம் ஆன வலியில் அந்தத் தேடல் நின்று, ஒரே தடத்தில் மாட்டு வண்டி போவதுபோல் ஒரே நார்கள் மீது எல்லாச் சுமையும் விழுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஹாக் 1991-ல் இதற்கு வைத்த பெயர் சிண்ட்ரெல்லா: எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் தூங்கும் சிறிய அலகுகள். காலை எட்டு மணிக்கு முறத்தை மடியில் வைத்தது முதல் அவற்றுக்கு ஓய்வே இல்லை. எட்டு மாத வலி இந்த இரண்டாவது ரகம்.

மாத்திரை விஷயமும் இதிலிருந்தே விளங்கிவிடும். மாத்திரை வலிச் செய்தியைக் குறைக்கிறது. எட்டு மாதமாகப் பழகிய பங்கீட்டை அது கலைக்காது. கழற்றி மாட்டிய கதவு பழையபடி மூடாமல் உரசினால் அதைத் தனியாகச் சரிசெய்வது மாதிரி, நிதானத்தையும் தனியாகப் பழக்க வேண்டும். அதற்கும் மேலாக, மாத்திரையின் பலத்தில் அம்மா அன்றைக்கு இருநூறு பீடி கூடுதலாகச் சுத்தினால் மறுநாள் கணக்கு மோசமாகத்தான் இருக்கும். வேலூர் வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரைகளை வாரக்கணக்கில் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் இன்னும் கேடு.

வலியே இல்லாவிட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றினால், நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, அந்தக் கைகள் அழுகுவதற்கு முக்கியக் காரணம் உணர்வில்லாமல் காயப்படுவதுதான் என்று எடுத்துக்காட்டினார். உணர்வில்லாத கை எதையும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. அம்மாவின் கை தடுமாறுகிறதே தவிர காவல் காக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அளந்து பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் துல்லியம், 5 கிலோ வரை எடுப்பது போதும். மேஜையில் வைத்து, முன்கை முழுவதும் ஒரு மடித்த துணிமேல் சாய்ந்திருக்க, ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியால் மட்டும் நேர்கீழாக அழுத்த வேண்டும். முதலில் வலிக்காத அளவுக்குள் உச்சம்: 3 நொடி, மூன்று தடவை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அதில் பெரியதை எடுத்துப் பத்தில் ஒரு பங்கு இலக்கு. 3 கிலோ வந்தால் 300 கிராம். இனி எண்ணைப் பார்த்துக்கொண்டே 300-ல் 15 நொடி பிடிக்கச் சொல்லுங்கள், போனில் வீடியோ எடுங்கள். முதல் 5 நொடியை விட்டுவிட்டு, அடுத்த பத்து நொடிக்கு நொடிக்கொரு எண்ணாகக் குறியுங்கள். உதாரணமாக 296, 310, 288, 305, 321, 299, 283, 307, 314, 290. சராசரி 301. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 38. பத்து எண்கள் இருக்கும்போது இதை மூன்றால் வகுத்தால் திட்டவிலக்கத்துக்கு, அதாவது எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவுக்கு, கிட்டத்தட்ட வந்துவிடும்: 13. அதைச் சராசரியால் வகுத்தால் 4 சதவீதம். ஆய்வகங்களில் நிதானத்துக்குச் சொல்லும் அளவும் இந்த விகிதம்தான்.

வீட்டுத் தராசு எண்ணைக் கொஞ்சம் தாமதமாகவும் சமன்செய்தும் காட்டும், ஆகவே இதை ஊரார் அளவோடு ஒப்பிடாதீர்கள். அதே தராசில் வலிக்காத கை, அதே கை காலையில், அதே கை வேலை முடிந்து மாலையில், இந்த ஒப்பீடு போதும். காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் களைப்பு பெரிய பங்கு வகிக்கிறது. காலையிலேயே மோசமாக இருந்தால் பங்கீடு மாறிப் பழகிவிட்டது.

பயிற்சியும் அதே தராசில்தான். வலி பத்துக்கு மூன்றுக்கு மேல் இருக்கும் நேரத்தில் செய்யவே கூடாது. வலியோடு புது அசைவைப் பழகினால் மூளை அதைச் சரியாகப் பதிவதில்லை, தப்பான பங்கீட்டையே இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. காலை வேலைக்கு முன் பத்து நிமிடம் நல்ல நேரம். இலக்கில் 15 நொடி பிடிப்பு ஐந்து தடவை, நடுவில் அரை நிமிட ஓய்வு. பிறகு 100 கிராமில் தொடங்கிப் பத்து நொடியில் 500 வரை ஏற்றி, பத்து நொடியில் மெதுவாக இறக்குவது, ஐந்து தடவை. இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். பெரும்பாலானவர்களுக்கு எண் படிப்படியாக இறங்காமல் தொப்பென்று விழும், அங்கேதான் பழக வேண்டியது அதிகம் இருக்கிறது. ஒரு வாரம் போனதும் எண்ணைத் துணியால் மறைத்து 300 என்று தோன்றும்போது நிறுத்தச் சொல்லி, பிறகு திறந்து பாருங்கள். முதல் நாலைந்து நாளில் வரும் வேகமான முன்னேற்றம் தராசுக்குப் பழகியதால் வருவது, அதைப் பார்த்து வேலையைக் கூட்டிவிடாதீர்கள்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. மூச்சை அடக்குவது ஒன்று. வாய்விட்டு எண்ணச் சொன்னால் தீரும். மணிக்கட்டை விறைப்பாக்கி எதிர்த் தசையையும் சேர்த்து இறுக்குவது இரண்டு. எண் அப்போது நிதானமாகத் தெரியும், ஆனால் முன்கை கல்லாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் வலி வரும். மற்றக் கையால் முன்கையைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது, தோளைக் காதுப் பக்கம் தூக்குவது.

கழுத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, கழுத்தின் வளைவுக்குக் கீழே இரத்த அழுத்தக் கருவியின் பட்டையை மடித்து வைத்து 20 வரை காற்றடியுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மெல்லத் தலையாட்டுவது மாதிரி மோவாயை உள்ளே இறக்கினால் முள் 22-க்கு வரும். அங்கே 10 நொடி. சரியாக வந்தால் 24, 26 என்று இரண்டிரண்டாக, அதிகபட்சம் 30 வரை. முன்கழுத்தில் கயிறு போன்ற பெரிய தசைகள் புடைத்தால் எல்லை தாண்டியாயிற்று, ஒரு படி இறங்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் மடித்த துண்டு, அதை மெல்ல அழுத்தும் உணர்வு போதும்.

ஆனால் ஒரு நாளைக்கு இருபது நிமிடப் பயிற்சி, எட்டு மணி நேர வேலையை வெல்லாது. முறத்தை மடியில் வைக்காமல் மடிமேல் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வைத்தாலே கழுத்துக் குனிவு குறையும், முழங்கைகளுக்கும் ஊன்ற இடம் கிடைக்கும். முதுகு சுவரில் படட்டும். இலை வெட்டுவதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மீதி நாள் முழுவதும் சுத்துவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அதை உடைத்து, ஒரு மணி நேரம் சுத்தினால் கால் மணி நேரம் வெட்டுவது என்று மாற்றினால் சிண்ட்ரெல்லாவுக்குக் கொஞ்சம் ஓய்வு. கத்தரியைச் சாணை பிடியுங்கள், மழுங்கிய கத்தரி கட்டைவிரல் அடித்தசையைத் தின்றுவிடும். இலை சரியாக ஊறாமல் விறைத்திருந்தால் ஒவ்வொரு உருட்டலுக்கும் கூடுதல் அழுத்தம் வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பதமாக எடுப்பது கைக்குச் செய்யும் வைத்தியம். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் இருபது நொடி கைகளைத் தொடைமேல் தொங்கப்போட்டு விடுவது, சேர்த்துவைத்து ஒரேயடியாக எடுக்கும் அரை மணி நேர ஓய்வைவிடப் பலன் தரும். நாள் முழுக்க கிரேப் பேண்டேஜ் கட்டிக்கொண்டு சுத்துவது வேண்டாம்.

வேலையை விட வேண்டியதில்லை. முழு ஓய்வில் வலி குறையலாம், ஆனால் திரும்ப வந்து உட்கார்ந்த நாளில் தசை பழைய சுமைக்குத் தயாராக இருக்காது. வழக்கம் 800 பீடி என்றால் இரண்டு வாரம் 500-க்கு இறக்குங்கள், எண்ணிக்கையைப் பகல் முழுவதும் பரப்புங்கள். மறுநாள் காலை வலி முந்தின நாள் காலையைவிடக் கூடாமல் இருந்தால் வாரம் 50 என்று ஏற்றலாம். கூடினால் அதே எண்ணிக்கையில் இன்னும் ஒரு வாரம். கழிக்கப்படும் பீடியைத் தினமும் எண்ணி ஒரு நோட்டில் எழுதினால், தராசைவிட நேர்மையான அளவு அதுதான். கூலி குறையும் என்பது தெரியும். கழிவும் கூலியில்தான் பிடிக்கப்படுகிறது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கீழ்க்கண்டவை இருந்தால் இந்தப் பயிற்சிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். இரவில் விரல்கள் மரத்து எழுப்புவது, கட்டைவிரல் அடியிலுள்ள மேடு மற்றக் கையைவிடச் சப்பிப்போவது, சுண்டுவிரல் மடங்கி நிற்பது, தோலில் உணர்வில்லாத வெளிறிய திட்டு, வேலையே செய்யாமல் மடியில் கை சும்மா இருக்கும்போது நடுங்குவது, திடீரென்று ஒரு பக்கம் வலு போவது. கடைசியது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மணிக்கணக்கில்கூடத் தள்ளக்கூடாது. மற்றவற்றுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவோ போகலாம். போகும்போது சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுமே தோளையும் தசையையும் வலிக்க வைக்கும், இரண்டையும் அம்மா வயதில் பலரும் தெரியாமலே வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டையும், காலை மாலைத் தராசு எண்களையும் கையோடு எடுத்துப் போங்கள். "கை சொன்னபடி கேட்கல" என்று சொல்வதைவிட, காலை 4 சதவீதம், மாலை 9 சதவீதம் என்று காட்டினால் மருத்துவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.